கார் மதுரையில், பதிவு பெங்களூரில், உரிமையாளர் அபுதாபியில்: விற்க எந்த வழி நல்லது?

பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கிய கார். கே.ஆர்.புரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானதால் எண் கே.ஏ. 53 என்று தொடங்கும். அபுதாபியில் வேலை கிடைத்ததும் இரண்டே வாரத்தில் வீட்டைக் காலி செய்து, காரை மதுரைக்கு ஓட்டிப்போய் அப்பா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு விமானம் ஏறினேன். இரண்டு மாதத்தில் விற்றுவிடலாம் என்பது என் எண்ணம். விற்று முடிக்க 11 மாதம் ஆனது. அதற்குள் ஏறக்குறைய எல்லா வழிகளையும் விசாரித்துவிட்டேன். ஒன்றில் சிக்கி மீண்டேன், இன்னொன்றில் விற்றேன். வெளிமாநில எண் கொண்ட வண்டியை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு பயன்படும் என்று நம்புகிறேன்.

காரை விற்கப்போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்பது "எவ்வளவுக்குப் போகும்?" என்றுதான். ஊரிலேயே இருப்பவர் அப்படிக் கேட்டால் போதும். கடல் தாண்டி இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: சாவி கைமாறிய நாளிலிருந்து ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், என் பெயர் நீங்கும் நாள்வரை எத்தனை நாள் ஆகும்?

இதற்குக் காரணம் சட்டம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாகனம் யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. பணம் வாங்கியாயிற்று, வண்டியைக் கொடுத்தாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று என்பதெல்லாம் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் உள்ள செய்தி. 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், 2007-இல் விற்கப்பட்ட கார் பல கைகள் மாறி, 2009-இல் விபத்தில் சிக்கியது. இடையில் யாரும் பெயர் மாற்றவில்லை. வண்டி யாரிடம் இருந்தாலும், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஊரில் இருப்பவருக்கே இது பெரிய இடி. விடுமுறை எண்ணி வாங்கும் நம்மைப் போன்றவர்கள் இப்படி ஒரு வழக்கை எங்கிருந்து நடத்துவது?

ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் விலை, அலைச்சல், பெயர் நீங்கும் வேகம் என்ற மூன்றையும் வைத்தே பார்க்கிறேன். மூன்றில் கடைசிக்குத்தான் என்னிடம் அதிக மதிப்பெண்.

எந்த வழியில் போனாலும் முதலில் முடிக்க வேண்டியவை

கடனில் வாங்கிய வண்டி என்றால், தவணை முடிந்துவிட்டதால் மட்டும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் போய்விடாது. வங்கி தரும் தடையில்லாக் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து ஹைப்போதிகேஷனை, அதாவது வண்டி மீதான கடன் பதிவை, நீக்க வேண்டும். வங்கிகள் இந்தக் கடிதத்தைக் கணக்கில் உள்ள முகவரிக்கு அனுப்பிவிடும். என் கடிதம் நான் காலி செய்துவிட்டு வந்த பெங்களூரு வீட்டுக்குப் போய்த் திரும்பியது. அதை மறுபடி வாங்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வெளிநாடு கிளம்பும் முன்பே வங்கியில் முகவரியை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது கைபேசி எண். மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாஹனில் எந்த விண்ணப்பம் போட்டாலும், ஆர்.சி.யோடும் ஆதாரோடும் இணைந்த எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும். வெளிநாடு போன வேகத்தில் இந்திய சிம்மை விட்டுவிட்டால், ஆதார் வழியாகக் கிடைக்கும் எல்லா வசதிகளும் அடைபட்டுப் போகும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரில் போகாமலே பெறக்கூடிய 58 சேவைகளை மத்திய அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. பெயர் மாற்றமும் தடையில்லாச் சான்றும் அந்தப் பட்டியலில் உண்டு. வெளிநாட்டில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. அதற்கு விலை, அந்தப் பழைய சிம்மை உயிரோடு வைத்திருப்பதுதான்.

நிலுவையில் உள்ள அபராதங்களையும் பார்த்துவிடுங்கள். பெங்களூரில் சிக்னல் கேமராவில் பதிவான இ-சலான்கள் பல நமக்குத் தெரியாமலே கணக்கில் கிடக்கும். அவற்றைக் கட்டாமல் கோப்பு நகராது. 2019 ஏப்ரல் 1-க்கு முன் பதிவான வண்டி என்றால் உயர்பாதுகாப்பு எண் பலகை பொருத்தியாகிவிட்டதா என்பதையும் கவனியுங்கள்.

கார் எத்தனை நாளாக வேறு மாநிலத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும் என்கிறது சட்டத்தின் 47-ஆவது பிரிவு. மதுரைக்கு வண்டியைக் கொண்டுவந்த தேதியை நான் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். முடிவெடுக்கத் தாமதிக்கும்போதெல்லாம் அந்தத் தேதிதான் என்னை உசுப்பியது.

முதல் வழி: தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றிவிட்டு விற்பது

மதுரையில் விசாரித்தால் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். "டி.என். நம்பர் போட்டுவிட்டால் நல்ல விலைக்குப் போகும்." விலை ஏறும் என்பது உண்மை. அதற்கு ஆகும் செலவை யாரும் சொல்வதில்லை.

வழிமுறை இதுதான். பெங்களூரில் பதிவான அதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. வாங்க வேண்டும். அதற்குக் கார் பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. சேசிஸ் எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை போனால் போதும். அலுவலகம் 30 நாளுக்குள் மறுக்கவும் இல்லை, பதிலும் சொல்லவில்லை என்றால் சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று 48-ஆவது பிரிவில் இருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விதி. ஆனால் கையில் தாள் இல்லாமல் மதுரை அலுவலகத்தில் போய் இந்தப் பிரிவைச் சொல்லிக்கொண்டு நிற்க அப்பாவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சான்று வந்தபின் படிவம் 27 மூலம் புதிய எண்ணுக்கு விண்ணப்பித்து, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி, தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியைக் கட்ட வேண்டும். செலவு கூடுவது இந்த இடத்தில்தான். 2023 நவம்பரில் தமிழ்நாடு வரியை உயர்த்தியபின், புதிய கார்களுக்கு விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம் வரை ஆயுட்கால வரி. பழைய வெளிமாநில வண்டிக்கு வயதுக்கேற்ப விகிதம் குறையும். குறைந்தாலும், நான்கைந்து வயதான காருக்கு அது சில்லறைத் தொகை அல்ல.

கர்நாடகத்தில் ஏற்கெனவே கட்டிய ஆயுட்கால வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். வண்டி மாநிலத்தை விட்டு வெளியேறி வேறு மாநிலத்தில் மறுபதிவு ஆனதைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். வண்டியின் வயது கூடக்கூடத் திரும்பக் கிடைப்பது குறையும். அந்தக் கோப்பு நகர்வதற்குப் பெங்களூரில் ஒருவர் பலமுறை நடக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வந்தால் வரட்டும்.

என் தீர்ப்பு: வண்டியை இன்னும் சில ஆண்டுகள் குடும்பமே ஓட்டப் போகிறது என்றால் இதுதான் சரியான வழி. விற்பதற்காக மட்டும் இதைச் செய்வது, வாங்குபவர் கட்ட வேண்டிய வரியையும் அலைச்சலையும் நாம் சுமப்பது. பெயர் நீங்கும் கணக்கில் பார்த்தாலும் இதில் லாபம் இல்லை. இவ்வளவும் செய்தபின் விற்பனை என்ற படி தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும்.

இரண்டாவது வழி: என்.ஓ.சி. வாங்கி அப்படியே விற்பது

என்.ஓ.சி.யை மட்டும் நாம் வாங்கிக் கொடுத்துவிட்டால், பெயர் மாற்றத்தையும் தமிழ்நாட்டு எண்ணையும் வாங்குபவர் சேர்த்தே செய்துகொள்ளலாம். விற்றவர் 45 நாளுக்குள் என்.ஓ.சி.யைப் புதிய ஊர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-ஆவது பிரிவு. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவருக்கான கெடு 14 நாள்.

தாளில் பார்க்க அழகான ஏற்பாடு. நடைமுறையில் வாங்குபவர் வரிப் பணத்தைச் சேர்க்கும்வரை பழைய எண்ணிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார். அதுவரை ஆர்.சி.யில் உங்கள் பெயர்தான். வாங்குபவர் உறவினர் அல்லது நன்கு தெரிந்தவர், வரிப் பணம் கையில் இருக்கிறது, விண்ணப்பத்தைப் போட்ட அன்றுதான் சாவி என்ற மூன்றும் சேர்ந்தால் இந்த வழியை நான் ஏற்பேன். இதில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

கர்நாடகத்திலிருந்து திரும்பக் கிடைக்கும் வரி யாருக்குச் சேரும் என்பதையும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் பகை வளரும்.

மூன்றாவது வழி: உள்ளூர் கன்சல்டிங்கில் விடுவது

நான் சிக்கிக்கொண்டது இதில்தான். மதுரையில் ஒரு கார் கன்சல்டிங் கடைக்காரர், அதாவது பழைய கார்களை வாங்கி விற்றுத் தருபவர், வீட்டுக்கே வந்து வண்டியைப் பார்த்தார். அப்பாவிடம் அன்பாகப் பேசினார். "பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் தம்பியின் கையெழுத்தை மட்டும் வாங்கிக் கொடுங்கள் ஐயா, தேதி, பெயர் எதுவும் எழுத வேண்டாம், ஆள் கிடைத்ததும் நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்" என்றார். நான் அபுதாபியில் கையெழுத்திட்டு கூரியரில் அனுப்பினேன். முன்பணமாக ஒரு சிறு தொகை தந்து வண்டியை எடுத்துப் போனார்கள்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு மதிய வேளையில், என் கைபேசிக்கு இ-சலான் வந்தது. கிருஷ்ணகிரி அருகே அதிவேகம். காரை இன்னும் விற்கவில்லை என்று முந்தின நாள்தான் கடையில் சொல்லியிருந்தார்கள். யார் ஓட்டினார், எதற்காக அங்கே போனார் என்று கேட்டதற்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில். அபராதத் தொகை பெரிதல்ல. அன்று அந்த வண்டி யார் மீதாவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் எனக்கு இரண்டு இரவு தூக்கத்தைக் கெடுத்தது. என் மாமா நேரில் போய் நின்று, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வண்டியையும் கையெழுத்திட்ட படிவங்களையும் மீட்டு வந்தார்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து என்பது, யார் வேண்டுமானாலும் எந்தத் தேதியை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக் கொடுத்த அனுமதி. வண்டி முதல் புரோக்கரிடமிருந்து இரண்டாமவரிடம், அவரிடமிருந்து மூன்றாமவரிடம் என்று அந்தத் தாள்களோடு சேர்ந்தே கைமாறும். கடைசியில் வாங்குபவர் விரும்பினால் பெயர் மாற்றுவார். எல்லாக் கன்சல்டிங் கடைகளும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை அடையாளம் காண ஊரில் இருக்க வேண்டும். சுமார் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து தொலைபேசிக் குரலை வைத்து ஆளை எடைபோட முடியாது.

நான்காவது வழி: அங்கீகரிக்கப்பட்ட டீலர்

இதே தொழிலில் ஒரு முறையான பாதை 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. பதிவான பழைய வாகனங்களை வாங்கி விற்பவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டது. அப்படிப்பட்ட டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி-யை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதிலிருந்து, வண்டி அவர் கையில் இருக்கும்வரை பொறுப்பும் அவருடையது. பெயர் மாற்றம், என்.ஓ.சி., நகல் ஆர்.சி. ஆகியவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். வண்டியை எங்கே, எதற்காக ஓட்டிப்போனார்கள் என்று மின்னணுப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். என் கிருஷ்ணகிரிக் கதைக்குச் சரியான மருந்து இது.

ஆகவே எந்தக் கடைக்குப் போனாலும், இணையவழியில் வாங்கும் பெரிய நிறுவனம் என்றாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சாவி தரும் அன்றே 29சி ஒப்புகை கிடைக்குமா?" கிடைக்கும் என்றால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். "அதெல்லாம் வேண்டாம் சார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

விலை குறையும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. டீலர் தன் லாபத்தை எடுத்தாக வேண்டும். அந்த லாபத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்ட வேண்டும். தனிநபர் தன் சொந்தக் காரை விற்றால் இந்த ஜி.எஸ்.டி. கிடையாது. அந்த வித்தியாசமும் நம் விலையில்தான் இறங்கும். இணைய நிறுவனங்கள் செயலியில் ஒரு விலை காட்டி, ஒப்படைக்கும் நாளில் பெயின்ட், டயர் என்று காரணம் சொல்லிக் குறைப்பதும், பெயர் மாறும்வரை ஒரு தொகையைப் பிடித்து வைப்பதும் உண்டு. ஒப்பந்தத்தில் அந்த வரிகளை முதலில் படியுங்கள்.

இதிலும் ஊர் முக்கியம். கே.ஏ. எண் வண்டியை மதுரை டீலரிடம் கொடுத்தால், வெளிமாநிலம் என்று சொல்லி அவரும் விலையைக் கிள்ளத்தான் செய்வார். பெங்களூரு டீலருக்கு அந்தக் காரணம் இல்லை.

ஐந்தாவது வழி: வண்டியைப் பதிவான ஊருக்கே கொண்டுபோய் விற்பது

நான் கடைசியில் செய்தது இதைத்தான். தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டியதும் இதுதான்.

மதுரையிலிருந்து பெங்களூரு சுமார் 435 கிலோமீட்டர். திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று முழுவதும் நான்குவழிச் சாலை. ஒரே பகலில் போய்விடலாம். பெட்ரோல், சுங்கம், ஓட்டுநர் கூலி எல்லாம் சேர்த்து 10,000, 12,000 ரூபாய்க்குள் முடியும். பெங்களூரில் வாங்குபவருக்கு அது உள்ளூர் வண்டி. என்.ஓ.சி. வேண்டாம், புதிய எண் வேண்டாம், ஆயுட்கால வரியும் இல்லை. படிவம் 29, 30, ஆதார், இன்சூரன்ஸ், பெயர் மாற்றக் கட்டணம். அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பெங்களூரில் 5 லட்சம் ரூபாய்க்குப் போகும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் வாங்குபவர் தமிழ்நாட்டு வரி, முகவர் செலவு, தாமதம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் பேசுவார். 4 லட்சத்து 25 ஆயிரம் என்று தொடங்கினால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அந்த 75,000 ரூபாய் இழப்பை 12,000 ரூபாய் பயணத்தால் தவிர்க்கலாம் என்னும்போது வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. மும்பை எண் வண்டி கன்னியாகுமரியில் நிற்கிறது என்றால் கணக்கு மாறும். தூரம் 1,000 கிலோமீட்டரைத் தாண்டினால், லாரியில் ஏற்றி அனுப்பும் கூலியையும் உள்ளூரில் விழும் விலையையும் எதிரெதிராக வைத்துப் பாருங்கள்.

கிளம்பும் முன் ஓர் எச்சரிக்கை. மாதக்கணக்கில் நின்ற கார் உடனே நெடுஞ்சாலைக்குத் தயாராக இருக்காது. என் வண்டியில் பேட்டரி செத்திருந்தது, பானெட்டுக்குள் எலி ஒயரைக் கடித்திருந்தது, பிரேக் தட்டுகளில் துரு. ஒரு நாள் மெக்கானிக்கிடம் விட்டுச் சரிசெய்தபின்தான் எடுத்தோம். இன்சூரன்ஸ் காலாவதி ஆகியிருந்தால் சாலையில் இறக்கவே கூடாது. புகைச் சான்றும் தேவை.

விடுப்பில் நேரில் வருவதா, பவர் எழுதிக் கொடுப்பதா?

மேலே சொன்ன எந்த வழிக்கும் இந்தக் கேள்வி பொதுவானது. வர முடிந்தால் வந்துவிடுங்கள். ஒரு மாத விடுப்பு போதும், ஆனால் வேலையை விடுப்பு தொடங்கும் முன்பே தொடங்க வேண்டும். வங்கிக் கடிதம், ஹைப்போதிகேஷன் நீக்கம், சலான்கள், எண் பலகை ஆகியவை விமானம் ஏறும் முன் முடிந்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் விற்றுவிட்டால், பெயர் மாற்றத்தைக் கண்காணிக்க மூன்று வாரம் கையில் இருக்கும். கடைசி வாரத்தில் விற்பவர் அந்தக் கவலையைத் தன்னோடு விமானத்தில் எடுத்துப் போகிறார்.

வரவே முடியாது என்றால் பவர் பத்திரம். பொதுப் பவர் வேண்டாம், இந்த ஒரு காரியத்துக்கான சிறப்புப் பவர் போதும். பதிவு எண், சேசிஸ் எண், இன்ஜின் எண் மூன்றையும் எழுதி, எந்தெந்தப் படிவங்களில் கையெழுத்திடலாம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். விற்ற பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்றும் அதிலேயே எழுதுங்கள். அமீரகத்தில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெறலாம். சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் நோட்டரி கையெழுத்தும், அதை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் என்ற அரசு முத்திரையும் உண்டு. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

யாருக்குப் பவர் கொடுப்பது? வாங்குபவருக்கோ டீலருக்கோ ஒருபோதும் கூடாது. அப்பாவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. கே.ஆர்.புரம் அலுவலக வரிசையில் 70 வயதுக்காரரை நிற்கவைப்பதைவிட, பெங்களூரில் இருக்கும் நம்பகமான நண்பரோ தம்பி முறை உள்ளவரோ மேல். ஒரு பவர் பத்திரம் கையில் இருந்தாலும் சில அலுவலகங்களில் உரிமையாளரின் ஆதார் ஓ.டி.பி.யைக் கேட்பார்கள். ஆகவே அந்தப் பழைய சிம் இங்கேயும் வேண்டும்.

உறவுக்குள் கொடுப்பதைப் பற்றிச் சில வரிகள்

"வெளியே ஏன் விற்கிறாய், மச்சானே வைத்துக்கொள்ளட்டும்" என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் பணம் வாங்காமல் கொடுத்தாலும் பெயர் மாற்றம் அதே படிவங்களில்தான் நடக்க வேண்டும். உறவுக்குள் கொடுத்த வண்டிகளில்தான் பெயர் ஆண்டுக்கணக்கில் மாறாமல் கிடக்கிறது என்பது நான் சுற்றத்தில் கண்டது. பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம். நான் மச்சானிடம் நேராகவே சொன்னேன்: வண்டி உங்களுக்கு வேண்டுமென்றால் வரியையும் பெயர் மாற்றச் செலவையும் நானே தருகிறேன், பெயர் மாறிய பிறகு சாவி. அவர் வரித் தொகையைக் கேட்டுவிட்டு, அதற்கு ஊர் எண்ணிலேயே ஒரு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். உறவில் ஒரு கீறலும் விழவில்லை.

பணம் வரும் வழி

ஒரே விற்பனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் அந்த ரொக்கத் தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் பணத்தைப் பெற்றவருக்கு. வெளிநாட்டில் வசிப்பவரின் இந்தியப் பணம், அவர்களுக்கென்றே உள்ள என்.ஆர்.ஓ. என்ற வங்கிக் கணக்கில் வர வேண்டும். பழைய சாதாரண சேமிப்புக் கணக்கை இன்னும் மாற்றாமல் வைத்திருந்தால் இதைச் சாக்காக வைத்து மாற்றிவிடுங்கள். என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம், ஆகவே கார் விற்ற பணம் அங்கே முடங்கிவிடும் என்ற பயம் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றதற்கு மூலதன ஆதாய வரியும் இல்லை.

ஒப்படைக்கும் நாள்

எனக்குக் கிடைத்தவர் முன்னாள் அலுவலக நண்பரின் சக ஊழியர். விடுப்பின் ஐந்தாம் நாள் பெங்களூரில் சந்தித்தோம். பணம் முழுவதும் கணக்கில் ஏறியதைப் பார்த்தபின், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பரிவாஹன் தளத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்தோம். எனக்கு ஒரு ஓ.டி.பி., அவருக்கு ஒன்று. அதன் பிறகுதான் சாவி. ஒப்படைப்புக் கடிதத்தில் தேதியோடு மணியும் நிமிடமும் எழுதினோம். ஓடிய கிலோமீட்டரையும் குறித்தோம். அவருடைய ஆதார் நகல் என்னிடம் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேகை அங்கேயே உரித்து, கணக்கை மூடினேன். விட்டிருந்தால் அவருடைய சுங்கக் கட்டணம் என் கணக்கில் போயிருக்கும்.

அதன்பின் தினமும் காலையில் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பேன். உரிமையாளர் பெயர் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே பாதி மறைந்துதான் தெரியும், ஆனாலும் முதல் எழுத்து நம்முடையதா என்று அறிய அது போதும். பத்தொன்பதாம் நாள் எழுத்து மாறியிருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்பாவுக்கும் மாமாவுக்கும் அனுப்பினேன்.

மாறிய ஆர்.சி.யைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கோராமல் இருந்ததற்கான கட்டணச் சலுகை, சான்றும் வாங்கிக்கொண்டேன். அந்தச் சலுகை காரைச் சேர்ந்தது அல்ல, நம்மைச் சேர்ந்தது. விற்றதோடு விட்டுவிட்டால் பல ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்தது, அதிகபட்சம் 50 சதவீதம் வரை, வீணாகிவிடும். சான்று 3 ஆண்டுக்குச் செல்லும். அதற்குள் ஊர் திரும்பி வேறு கார் வாங்கினால், அதன் இன்சூரன்ஸில் கழித்துக்கொள்ளலாம். என் சான்று பாஸ்போர்ட் உறையில் இருக்கிறது.